ஏழு வீட்டுச் சாப்பாடும் ஏழாம் வாய்ப்பாடும்

போன வாரம் இளம் ஆசிரியர்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்திருந்தார்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். "நீங்களும் அந்தக் காலத்தில் கொல்லிமலையில் இப்படிச் செய்தீர்களாமே, அந்த அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் முறை, தத்துவம் என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். என் அனுபவத்தில் முக்கால் பங்கு சாப்பாடு. மீதிக் கால் பங்கு நான் ஏமாந்த கதை.

1. ஸ்டாக்னேஷன்

வெள்ளைக்காரன் ஆட்சி. எனக்கு இருபத்திரண்டு வயது. ஹையர் கிரேடு ஆசிரியர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். கீழ்நாட்டில் இடம் எதுவும் காலி இல்லை, கொல்லிமலை மேலே பைல் நாட்டில் ஓராசிரியர் பள்ளி ஒன்று இருக்கிறது, போகிறாயா என்றார்கள். போகிறேன் என்றேன். எனக்கு முன்னால் போன மூன்று பேர் மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி வரை கட்டை வண்டி. அதற்கு மேல் நம் கால்தான். என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஆள் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினார். கையை வீசிக்கொண்டு போன நான் பத்து இடத்தில் உட்கார்ந்தேன். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும்போதெல்லாம் "அந்தா தெரியுதுங்க" என்பார். காலையில் தெரிந்த அந்த இடத்துக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம்.

பள்ளிக்கூடம் என்பது நாலு பக்கம் மூங்கில் தட்டி, மேலே புல் கூரை, கீழே சாணி மெழுகிய தரை. ஒரு நாற்காலி இருந்தது. மூன்று கால்தான், நாலாவதுக்குக் கல். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்தேன். மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் பதினாறு பேர் இரண்டாம் வகுப்பு. முந்தின வருஷத்து ரிஜிஸ்டரைப் பார்த்தேன், அதே பதினாறு பேர் அதே இரண்டாம் வகுப்பு. அதற்கு முந்தின வருஷமும் அப்படியே. குடி வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு எங்கள் டிபார்ட்மெண்டில் ஸ்டாக்னேஷன் என்று பெயர். தேங்கிப்போவது என்று அர்த்தம். நான் சேர்ந்த பத்தாம் நாள் டெபுடி இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம் வந்தது. மாசி மாதம் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறாராம். இரண்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேராவது மூன்றாம் வகுப்புக்குத் தேறியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி எழுதிவிடுவாராம். மூடினால் என் வேலை போய்விடும். பிள்ளைகள் படிக்க வேண்டுமென்றால் அடுத்த பள்ளிக்கூடம் மலைக்குக் கீழே. தினம் இறங்கி ஏறி எந்தப் பிள்ளை படிக்கும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர் நன்றாகப் படிக்கிறவர்கள், தேர்வு நடத்த ஆள் இல்லாமல் தேங்கியவர்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. மீதி ஏழு பேர் நிஜமாகவே தடுமாறினார்கள். அந்த ஏழில் மூன்று பேரையாவது கரையேற்றினால் பன்னிரண்டு வந்துவிடும். பள்ளிக்கூட நேரத்தில் அது முடியாது. சாமைக் காட்டில் கிளி ஓட்டப் போன பிள்ளை வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். ஆகவே சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த ஏழு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானம் செய்தேன். அந்தத் தீர்மானத்தை என் வயிற்றைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

2. கை நனைத்தல்

அந்த மலையில் வீட்டுக்கு வந்தவர் கை நனைக்காமல் எந்தப் பேச்சும் தொடங்காது. முதல் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். தின்று முடித்ததும் பையன் சிலேட்டை எடுத்தான். இரண்டாவது வீட்டில் கேழ்வரகுக் களி. "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்றேன். "அது அவுங்க ஊட்டுலங்க" என்றார் அந்த வீட்டுக்காரர். அதற்குப் பதில் சொல்லும் பயிற்சி எனக்கு ட்ரெயினிங்கில் கொடுக்கப்படவில்லை. மூன்றாவது வீட்டில் தினைமாவும் தேனும். நாலாவது வீட்டில் பலாப்பழம். அதற்கு மேல் குனிந்து சிலேட்டைப் பார்க்க முடியவில்லை. பையனை நின்றுகொண்டு சிலேட்டை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பாடம் நடத்தினேன்.

மறுநாள் முதல் ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று மாற்றிக்கொண்டேன். போன வீட்டிலெல்லாம் ஒரு வார்த்தை சொன்னேன். "உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன். பிள்ளை தேறிட்டா அப்புறம் நான் வர மாட்டேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க." எங்கள் பக்கத்தில் இது மரியாதையான பேச்சு. இப்படிச் சொன்னால் எதிராளி "அதெல்லாம் சிரமமில்லை" என்பார், நாமும் மனம் குளிர்ந்து போவோம். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. முகம்தான் வாடியது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

3. இரண்டு உலக்கைப் பாடம்

ஏழு பேரில் செல்லி என்று ஒரு பெண். ஒன்பது வயதிருக்கும். ஒரு நாள்கூட லீவு போட மாட்டாள், ஒரு நாள்கூட வாய் திறக்க மாட்டாள். "ரெண்டும் ரெண்டும் எத்தனை கண்ணு?" என்றால் தரையைப் பார்ப்பாள். தரைக்குத் தெரிந்திருந்தாலும் அது சொல்லாது. அவள் தேறுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவள் வீட்டுக்கு முதல் நாள் போனபோது அவளும் அவள் தாய் நல்லம்மாவும் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே உரல், இரண்டு உலக்கை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அப்பன் சின்னான் ஓரமாக உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். நான் செல்லியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சிலேட்டைக் கையில் கொடுத்தேன். தரையைப் பார்த்தாள். நல்லம்மா ஒற்றை உலக்கையோடு நின்றாள்.

"ஏனுங்க வாத்தியாரே, சாமை குத்தி முடிக்காம ஒலை எப்பிடிங்க வெக்கறது? நீங்க சாப்புட வேண்டாமுங்களா?" என்றாள்.

"சாப்பாடு இருக்கட்டும். வாய்ப்பாடு வரணுமே."

"வாய்லதான வரணும்? கை என்னத்துக்குங்க சும்மா இருக்கணும்?"

நியாயமான கேள்வி. பெண்ணை எழுப்பி அனுப்பினேன். உலக்கைகள் மறுபடியும் விழ ஆரம்பித்தன. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, தாய் உலக்கை விழும்போது "ஈரெண்டு" என்றும், மகள் உலக்கை விழும்போது "நாலு" என்றும் சொல்லிப் பார்த்தேன். பிறகு நல்லம்மாவை முதல் பாதியைச் சொல்லச் சொன்னேன். "மூவிரண்டு" என்று அவள் உலக்கையைப் போட்டாள். ஒரு கணம் கழித்து மகளின் உலக்கை விழுந்தது, கூடவே "ஆறு" என்று ஒரு குரல். யார் குரல் என்று திரும்பிப் பார்த்தேன். செல்லிதான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் நான் கேட்காத குரல்.

சின்னான் மூங்கிலை விட்டுத் தலை தூக்கினார். "இனிமே எங்க ஊட்டு ஒலக்கையும் படிக்குமுங்க. ரிஜிஸ்டர்ல பேரு எழுதிக்குங்க" என்றார்.

அப்படியே வளர்ந்தது. தாய் கேட்பாள், மகள் சொல்வாள். ஐந்தாம் வாய்ப்பாடு முடிந்ததும் நல்லம்மா, "நான் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கறதுங்களா? எனக்கும் பதிலு தெரியணுமுங்க" என்றாள். சரி, மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். அவளும் ஐந்து வரை மளமளவென்று பிடித்துக்கொண்டாள். செல்லி ஏழாம் வாய்ப்பாட்டை முடித்த வாரம்தான் நல்லம்மாவுக்கு ஆறாம் வாய்ப்பாட்டில் முட்ட ஆரம்பித்தது. "ஆறாறு" வந்ததும் நின்றுவிடுவாள். "நாப்பதுங்களா?" என்பாள். "முப்பத்தாறும்மா" என்பேன். மறுநாள் போனால் மறுபடியும் நாற்பது. பெரியவர்களுக்கு ஞாபக சக்தி குறைவு என்று என் டைரியில் எழுதி வைத்தேன்.

4. ஊர்க்கவுண்டர் வருகை

ஒரு நாள் ஊர்க்கவுண்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவர் மகன் அரப்பளிதான் என் வகுப்பில் முதல் பையன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாகச் சொல்வான். கவுண்டர் உட்காரவில்லை. கல் வைத்த நாற்காலியைப் பார்த்த யாரும் உட்கார மாட்டார்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, எங்க ஊட்டுல என்ன குத்தம் கண்டீங்க?"

"ஒரு குற்றமும் இல்லீங்க."

"அப்பறம் ஏனுங்க நீங்க கை நனைக்கலை? ஏழு ஊட்டுக்குப் போறீங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க தண்ணிக்குப் போனா, 'உங்க ஊட்டுக்கு வாத்தியாரு வரலியா'ன்னு கேக்கறாங்க. மொகத்தை எங்க கொண்டு போயி வெச்சுக்கறது?"

"அய்யோ, உங்க பையன் கெட்டிக்காரனுங்க. நான் போறது மந்தமான பிள்ளைங்க வீட்டுக்கு மட்டும்தான்."

கவுண்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பிடிங்களா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பெருமை.

மறுநாள் அரப்பளியை எழுப்பி, "ரெண்டும் ரெண்டும் எத்தனை?" என்றேன்.

"மூணுங்க" என்றான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

காய்ச்சல் இருக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. ஒரு வாரம் இதே மூணு. வேறு வழியில்லாமல் கவுண்டர் வீட்டுக்கும் பாடம் சொல்லப் போனேன். கோழி அடித்திருந்தார்கள். மிளகு போட்ட குழம்பு. இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு கெட்டிக்காரர்களுக்கு எழுத்து மறந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று பேருக்கு. தை மாதம் முடிவதற்குள் என் பதினாறு பேரில் பதினைந்து பேர் மக்குகள் ஆகிவிட்டார்கள். நான் பதினாறு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேட்டி இடுப்பில் ஒரு சுற்றுக் குறைந்தது.

இளம் ஆசிரியர்களே, சிரிக்காதீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாடம் நடத்தும் லட்சணம்தான் இது, தெரிந்ததையும் மறக்கடித்துவிட்டேன் என்று மனம் நொந்து போனேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன். செல்லி ஒருத்தி மட்டும் உலக்கை போட்டு ஏழு, எட்டு என்று முன்னே போய்க்கொண்டிருந்தாள். அவளை நினைத்துத்தான் தங்கினேன்.

5. குடை

மாசி மாதம் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் நீளமான குடை. நாலு பேர் டோலியில் தூக்கி வந்தார்கள். வயிற்றுக் கோளாறுக்காரராம், மலையில் எதையும் தொடமாட்டேன் என்று தயிர்சாதத்தை மூட்டை கட்டிக் கொண்டு வந்திருந்தார். ஊரே பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தட்டி ஓரமாக நின்றது.

முதலில் அரப்பளியை எழுப்பினார். "நாலஞ்சு எத்தனை?"

அரப்பளி கூரையைப் பார்த்தான். "தெரியாதுங்க."

அடுத்தவன். "தெரியாதுங்க." அதற்கடுத்தவன். "தெரியாதுங்க." பதினைந்து பேர், பதினைந்து தெரியாதுங்க. தட்டிக்கு வெளியே நின்ற தகப்பன்மார் ஒவ்வொரு தெரியாதுக்கும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். மூடுவதற்கான ரிப்போர்ட்டை அங்கேயே எழுதிவிடும் முகம்.

"இன்னும் யாராவது பாக்கி உண்டா?" என்றார்.

செல்லி எழுந்தாள். வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார். போயிற்று என்று நினைத்தேன். அவள் மெதுவாக நடந்து போய், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த அவருடைய குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சாமி, நீங்க கேளுங்க" என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். "தயவு செய்து கேளுங்கள்" என்று கை கூப்பினேன்.

"ஓரேழு" என்றார். குடை தரையில் இறங்கியது. "ஏழு."

"ஈரேழு." இடி. "பதினாலு."

"மூவேழு." இடி. "இருவத்தொண்ணு."

பத்தேழு எழுபது வரைக்கும் போயிற்று. கடைசி மூன்றுக்கு அவரே உடம்பை ஆட்டிக்கொண்டு கேட்டார். முடிந்தபோது சாணி மெழுகிய தரையில் பத்துக் குழி. குடையின் முனை மழுங்கிப் போயிருந்தது. அவர் குடையைப் பார்க்கவில்லை, செல்லியையே பார்த்தார்.

"நீ இவ்வளவு நல்லாச் சொல்றியே, இவங்களுக்கெல்லாம் ஏன் ஒண்ணும் தெரியலை?"

"அவுங்களுக்கெல்லாம் தெரியுங்க. தெரியும்னு சொன்னா வாத்தியாரு ஊட்டுக்கு வர மாட்டாருங்க. அதனால சொல்ல வேண்டாம்னு ஊட்டுல சொல்லியிருக்காங்க."

தட்டிக்கு வெளியே ஊர்க்கவுண்டர் இருமினார்.

"அப்ப உனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையா?"

"எனக்கென்னங்க பயம்? எங்கம்மா இன்னும் ஆறாம் வாய்ப்பாட்டுலயே நிக்கறாங்க. அவுங்க தேறற வரைக்கும் வாத்தியாரு எங்க ஊட்டுக்கு வந்துதான ஆகோணும்?"

இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "தேறிட்டா வர மாட்டேன்" என்று வீடு வீடாக நான் சொன்ன மரியாதையான பேச்சு, மூணு என்ற அரப்பளி, வாடிய முகங்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மக்கு யார் என்று தெரிந்தது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் இல்லாத ஒரே பேர் அதுதான்.

எழுந்து நின்று ஊரைப் பார்த்துச் சொன்னேன். "பாஸானா சாப்பாட்டுக்கு வாரேன். பாஸாகலைன்னா பாடத்துக்கு வாரேன். நான் இந்த மலையில இருக்கற வரைக்கும் எல்லா ஊட்டுக்கும் வருவேன். இனி நீங்க தெரிஞ்சதைச் சொல்லலாமுங்க."

கவுண்டர் தட்டிக்கு மேலே தலையை நீட்டினார். "டேய் அரப்பளி, சொல்லிப்போடுடா" என்றார். அவன் யாரும் கேட்காமலே பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஆரம்பித்தான். நிறுத்துவதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. அன்றைக்குப் பதினான்கு பேர் தேறினார்கள். இரண்டு பேருக்கு நிஜமாகவே வரவில்லை, அவர்கள் அடுத்த வருஷம் தேறினார்கள்.

இன்ஸ்பெக்டரைக் கவுண்டர் கை நனைக்காமல் விடவில்லை. தயிர்சாத மூட்டை பிரிக்கப்படாமலே கீழே இறங்கியது. போகும்போது என்னிடம், "அடுத்த வருஷத்துக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒரு உலக்கை ஏற்பாடு பண்ணிடுங்க. என் குடை தாங்காது" என்றார்.

6. ஆறாறு

மறுநாள் சாயங்காலம் நல்லம்மாவிடம் நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். சின்னான் காட்டுக்குப் போயிருந்தார். செல்லி ஆடு ஓட்டப் போயிருந்தாள். வாசலில் நல்லம்மா ஒற்றை உலக்கையால் தனியாகச் சாமை குத்திக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

"அய்யாறு முப்பது, ஆறாறு முப்பத்தாறு, ஏழாறு நாப்பத்திரண்டு" என்று ஒரு குத்துக்கு ஒரு வரியாகப் போய்க்கொண்டிருந்தது. கேள்வியும் அவளே, பதிலும் அவளே. ஆறாம் வாய்ப்பாடு முடிந்து ஏழாம் வாய்ப்பாடு வந்தது. அதுவும் ஒரு தப்பில்லாமல் எழுபதில் போய் நின்றது. எட்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள்.

மகள் தேறிவிடுவாள், நான் வருவது நின்றுவிடும் என்று எப்போது தெரிந்ததோ அப்போதிருந்து அந்த அம்மாள் ஆறாறில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் செல்லிக்கு இன்னும் பாக்கி இருந்தன, அதற்கு நான் சாப்பாட்டுக்கு வந்தால் போதாது, பாடத்துக்கே வர வேண்டும் அல்லவா?

இளம் ஆசிரியர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பாடம் சொல்லப் போகிற வீட்டில், எப்போது வருவதை நிறுத்துவேன் என்று சொல்லாதீர்கள். பிள்ளை தேறின பிறகும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். போட்டதைச் சாப்பிடுங்கள். தெரியாது என்று ஒருவர் சொன்னால் எதற்காகச் சொல்கிறார் என்று பாருங்கள்.

அன்றைக்கு நான் சத்தம் போடாமல் வேலி வரைக்கும் பின்னால் வந்தேன். அங்கே நின்று பலமாகச் செருமினேன். உலக்கை நின்றது. "வாங்க வாத்தியாரே" என்றாள் நல்லம்மா. "ஏனுங்க, இந்த ஆறாறு மட்டும் நிக்கவே மாட்டேங்குதுங்க. நாப்பதுங்களா?"

"முப்பத்தாறும்மா" என்றேன். "சரி, மொதல்ல இருந்து வாங்க. ஓராறு ஆறு."

ஐந்து வருஷம் அந்த மலையில் இருந்தேன். மாற்றலாகிக் கீழே இறங்கிய நாள் வரைக்கும் நல்லம்மாவுக்கு ஆறாம் வாய்ப்பாடு வரவே இல்லை.